வண்டிகளை எண்ணுவதா, மக்களை எண்ணுவதா?

டில்லியின் தென்பகுதியில், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில், 2008 ஏப்ரல் மாதத்தில் ஒரு சோதனை தொடங்கப்பெற்றது. சாலையின் நடுவே இரு திசைகளுக்கும் பஸ்களுக்கென்றே தனித்தடம் ஒதுக்கப்பட்டது, அதன் இருபுறமும் ஏனைய மோட்டார் வண்டிகளுக்கு இடம், அதற்கப்பால் சைக்கிள்களுக்குத் தனிப்பாதை, ஓரத்தில் நடைபாதை. எட்டாண்டுகள் நிறைவு பெறுமுன்பே, 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அத்தடத்தின் தடுப்புகள் பெயர்த்தெடுக்கப்படலாயின. திட்டம் தோற்றது என்பதே பொதுவாக நிலவும் கருத்து. அக்கருத்து முற்றிலும் தவறென்று கூற இயலாது. ஆயினும், எந்த அளவுகோலைக் கொண்டு அளந்து இம்முடிவுக்கு வந்தோம் என்பதை, எண்ணுதலையும் அளத்தலையும் தொழிலாகக் கொண்ட களப்பணியாளர்களும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் சற்று நின்று ஆராய்தல் தகும்.

முதலில் திட்டத்தின் குறைகளை மறையாது சொல்லிவிடுவோம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. பஸ் தடம் நடுவில் அமைந்தால், வலப்புறம் திரும்ப வேண்டிய கார் அத்தடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இடப்புறம் திரும்ப வேண்டிய பஸ்ஸோ கார்களின் வழியைக் கடந்தாக வேண்டும். ஆகவே சாலைச் சந்திப்புகளில் இவை ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே பச்சை விளக்குக் காட்ட நேர்ந்தது. முறைகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒரு திசைக்கு மீண்டும் பச்சை வருவதற்கான காலமும் நீண்டது. சிராக் டில்லிச் சந்திப்பில் கார்கள் நெடுந்தொலைவு வரிசையில் நின்ற காட்சி பத்திரிகைகளில் இடம்பெற்றது இதனாலேயே. பஸ் நிறுத்தங்களும் சந்திப்புகளை ஒட்டியே அமைந்தமையால், ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ்களும் தேங்கின. மோட்டார் சைக்கிள்கள் தடை மீறிப் பஸ் தடத்திலும் சைக்கிள் பாதையிலும் புகுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 5.8 கிலோமீட்டர் என்பது மிகக் குறுகிய தூரம். தடத்தில் சேமித்த நிமிடங்களை, அதைவிட்டு வெளியேறிய மறுகணமே பஸ் நெரிசலில் இழந்தது. ஆமதாபாத் நகரம் 2009-இல் இதே வகைத் திட்டத்தைத் தொடங்கியபின் அதனைப் பல சாலைகளுக்கு விரித்தது. டில்லியோ முதல் துண்டோடு நின்றுவிட்டது.

இத்தடம் குறித்து டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்த 2012-ஆம் ஆண்டில், மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் இதனை ஆய்வு செய்தது. தடத்தை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டால் மொத்தப் போக்கு மேம்படும் என்னும் திசையில் அதன் முடிவு அமைந்தது. நீதிமன்றமோ அவ்வாண்டு அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்து, தடம் நீடிப்பதற்கு இடமளித்தது. அவ்வாய்வைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆய்வாளர் கண்டது கண்டபடியே சொன்னார் எனக் கொள்வோம். அதன்பின் எழுந்த பொது வாதத்தில்தான் கோளாறு நேர்ந்தது. சாலையில் நிற்கும் கார்களின் வரிசை எல்லோர் கண்ணிலும் பட்டது. பஸ்ஸுக்குள் நின்றவர்களை எண்ணியவர் சிலரே.

களப்பணியாளர் நன்கறிந்த ‘பி.சி.யு.’ என்னும் அலகையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகை வண்டியும் சாலையில் அடைக்கும் இடம் எத்தனை கார்களுக்கு ஈடு என்பதை அது குறிக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு பஸ், போக்குவரத்தில் பஸ்களுக்குள்ள பங்கைப் பொறுத்து, 2.2 முதல் 3.7 கார்கள் வரை ஈடாகும். பஸ்ஸுக்கு மிகவும் பாதகமான 3.7 என்னும் எண்ணையே ஏற்போம். பஸ்ஸில் 50 பேர் என்றும், காரில் சராசரி ஒன்றரைப் பேர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு காருக்குரிய இடத்தில் பஸ் 13 பேருக்கு மேல் கொண்டு செல்கிறது. கார் கொண்டு செல்வது ஒன்றரைப் பேரையே. ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாடு. 2.2 என்று கொண்டாலோ அது பதினைந்து மடங்காகும். சாலையின் கொள்ளளவைக் கணிக்க அமைந்த அலகு பயனுள்ளதே. ஆனால் அதைக் கொண்டு சாலையின் பயனையும் அளந்தால், காலிப் பஸ்ஸும் நிறைந்த பஸ்ஸும் ஒன்றாகிவிடும். ஒரு விடுதியின் சிறப்பை அதிலுள்ள நாற்காலிகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போன்றது இது.

காலத்தின் விலை பற்றியும் ஒரு சொல். திட்டங்களின் பயனைக் கணக்கிடும் பொருளியலார், பயணியின் ஒரு மணி நேரத்திற்கு அவர் வருவாயை ஒட்டி விலையிடுவதுண்டு. அவ்வாறாயின், அம்பேத்கர் நகரிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணின் அரைமணி நேரம், காரில் செல்லும் அதிகாரியின் ஐந்து நிமிடத்திற்குத் தோற்றுவிடக்கூடும். கணக்கு பிழையின்றியே இருக்கலாம். எனினும் அதனை அப்படியே ஏற்க எமக்கு மனமில்லை. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, சாலையிடத்தைப் பங்கிடுகையில் வண்டிகளைவிட மக்களுக்கே முதன்மை தரவேண்டுமெனத் தெளிவாகவே கூறியுள்ளது.

“மெட்ரோ ரயில் இருக்கும்போது இவ்வாதம் எதற்கு?” என வினவுவோர் உளர். 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே தொடங்கிய மெட்ரோ இன்று 350 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்துள்ளது. அதன் சிறப்பை யாரும் மறுக்கார். ஆனால் ரயில் நிலையம் வீட்டு வாயிலுக்கு வருவதில்லை. அங்கே சென்று சேர நடைபாதையும் பஸ்ஸும் வேண்டும். தடம் பெயர்த்தெடுக்கப்பட்டு ஆறே ஆண்டுகளில், 2022 ஏப்ரலில், டில்லி அரசே சில முக்கியச் சாலைகளில் பஸ்களையும் சரக்கு வண்டிகளையும் தனித்தடத்தில் செலுத்தும் ஏற்பாட்டை, அபராதத்தோடு, மீண்டும் கொண்டுவந்தது என்பதும் கருதத்தக்கது.

ஆசிரியர்கள் இதனைத் தம் மாணவரைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். டில்லிக்குப் போகவேண்டியதில்லை; மதுரையோ திருச்சியோ போதும். காலை எட்டு முதல் ஒன்பது மணிக்குள், பள்ளியின் அருகிலுள்ள பெருஞ்சாலையில், நடைபாதையை விட்டு இறங்காமல், கால்மணி நேரம் எண்ணினால் போதும். வண்டியின் வகை ஒரு பத்தியிலும், அதிலுள்ள ஆட்கள் மறுபத்தியிலும் எழுதப்பெறட்டும். ஓடும் பஸ்ஸில் ஆட்களை எண்ணுதல் அரிது. ஆகவே, இருக்கைகள் பாதி காலி, இருக்கைகள் நிறைந்தன, சிலர் நிற்கின்றனர், படியில் தொங்குகின்றனர் என நான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம். நடப்பவரையும் சைக்கிளில் செல்பவரையும் விட்டுவிடக்கூடாது. பல படிவங்களில் நடப்பவருக்குப் பத்தியே இராது, அதனைக் கையால் வரைந்துகொள்க. ஒரு மாணவர் கடிகாரத்துடன் நின்று, சாலையைக் கடக்க விரும்பும் ஒருவர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதைக் குறித்து வரட்டும். இரு பத்திகளின் கூட்டுத்தொகையையும், அக்காத்திருப்பு நேரத்தையும் ஒரே தாளில் எழுதி, நகராட்சிப் பொறியாளருக்கு ஒரு படி அனுப்பிவைக்கலாம்.