பட்டுவாடா ஆகாத கடிதங்கள்

மாண்புமிகு ஒன்றியத் தகவல் தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் சிறுவர்களுக்கான சர்வதேசக் கடிதப் போட்டியை நடத்திவருகிறது. 9 முதல் 15 வயது வரை உள்ளவர்கள் எழுதலாம். இந்தியாவில் அதை நடத்துவது உங்கள் அஞ்சல் துறை. நான் அந்தப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் தமிழாசிரியர்.

2022-ஆம் ஆண்டுத் தலைப்பு தங்களுக்கு நினைவிருக்கலாம். பருவநிலை நெருக்கடியில் ஏன், எப்படிச் செயல்பட வேண்டும் என்று செல்வாக்குள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மறு ஆண்டு சாலைப் பாதுகாப்பு. 2025-இல் பிள்ளைகள் தங்களையே கடலாக எண்ணிக்கொண்டு, தங்களைக் காக்கும்படி யாருக்காவது எழுத வேண்டும். உலகத் தலைவர்கள் மாநாடு மேல் மாநாடு கூட்டியும் முடிவுக்கு வராத சங்கதிகள்!

எழுதி முடித்த பிறகு? நடுவர் படிக்கிறார், மதிப்பெண் போடுகிறார். நாட்டுக்கு ஒரே ஒரு கடிதம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் போகிறது. மற்றவை எங்கே போயின என்று எழுதிய பிள்ளைக்குத் தெரிவதில்லை. பெறுநர் பெயர் போட்ட கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பதுதான் தபால் துறையின் தொழில். தானே எழுதச் சொன்ன கடிதத்தை மட்டும் அது பட்டுவாடா செய்யாமல் விடுவது எனக்கு விளங்கவே இல்லை. நடுவரைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் சுவர் விளம்பர வாசகங்களை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ‘மரம் நடுவோம்’ என்று முடியாத கடிதம் அபூர்வம்.

போட்டி பரிசோடு முடிந்தாக வேண்டியதில்லை. 1923-இல் முன்னாள் பத்திரிகை ஆசிரியர் எட்வர்ட் போக், உலக அமைதியைக் காக்க அமெரிக்கா பிற நாடுகளோடு எப்படி ஒத்துழைக்கலாம் என்று குடிமக்களிடம் திட்டம் கேட்டார். பரிசு ஒரு லட்சம் டாலர். பாதி, தேர்வானதும் கிடைக்கும். மீதி, செனட் ஏற்றாலோ மக்கள் ஆதரவு போதிய அளவு தெரிந்தாலோதான். 22,000-க்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்தன. சார்லஸ் லெவர்மோர் எழுதியது வென்றது. அதை நாடெங்கும் பரப்பி மக்கள் கருத்தைக் கேட்டபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். செனட் எரிச்சலடைந்து, போட்டியின் மீதே விசாரணை வைத்தது. (ஒரு கட்டுரைக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா?) வென்ற திட்டத்தோடு நிறுத்தாமல், வந்தவற்றில் இருபது திட்டங்களைத் தேர்ந்து 1924-இல் நூலாகவும் போட்டார்கள்.

அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நான் கேட்கவில்லை. அஞ்சல் வட்ட அளவில் வெல்லும் கடிதங்களை, எழுதிய மொழியிலேயே, ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுங்கள். பிள்ளைகளின் பெயரை வேண்டுமானால் விட்டுவிடலாம். பெறுநர் பதவியில் இருப்பவரானால் அவருக்கே ஒரு படியை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மற்றபடி, கடல் பற்றியவை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகட்டும். சாலை பற்றியவை நெடுஞ்சாலை அமைச்சகத்துக்கு. சேர்த்த தேதியை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பிள்ளைக்குத் தெரிவித்தால் போதும். பதில் வராவிட்டால் பிள்ளை மறுபடி எழுதும்.

அடுத்த போட்டி அறிவிப்பிலேயே இதைச் சேர்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தமிழாசிரியர்