63½ டிகிரி வெளிச்சம்

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, பிழைப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் மும்பை போவதாகச் சொன்னதும் ஒரே ஒரு வேலை கொடுத்தார். "எங்க பழைய பில்டிங் இன்னும் நிக்குதான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. உள்ளே போக வேண்டாம். தெருவிலிருந்து பார்த்தால் போதும்."

தெருவிலிருந்து பார்ப்பதற்காகவே கட்டப்பட்ட ஊரோ என்று மாட்டுங்காவில் சந்தேகம் வரும். காலை ஏழு மணிக்கு தெலங் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். பூக்கடைகளில் மல்லிகையும் கதம்பமும் வந்திறங்கிவிட்டன. வாழையிலை, முருங்கைக்காய், அப்பளம், வறுத்து அரைத்த காபிப் பொடி வாசனை. திருச்சூர், கும்பகோணம், உடுப்பி மூன்றையும் கலந்து மராத்தியில் பேசவிட்டால் இப்படித்தான் இருக்கும். இதெல்லாம் மாட்டுங்கா பற்றி எல்லோரும் சொல்வதுதான். நான் அன்று தலையை நிமிர்த்திக்கொண்டு, கடைகளுக்கு மேலே இருந்த மாடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

முனைக்கு முனை வளைந்து திரும்பும் பால்கனிகள். கப்பலின் மேல்தளம் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கைப்பிடிச் சுவர்கள். ஜன்னலுக்கு மேலே புருவம் மாதிரி நீளும் சிமென்ட் தகடு. மாடிப்படி கிரில்லில் உதய சூரியன். நெற்றியில் கட்டடத்தின் பெயர். 1930களிலும் 40களிலும் உலகம் முழுவதும் பரவிய ஆர்ட் டெகோ பாணி இது. மரைன் டிரைவிலும் ஓவல் மைதானத்தைச் சுற்றியும் இதே பாணியில் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகளை, எதிரேயுள்ள விக்டோரியா காலத்துக் கட்டடங்களோடு சேர்த்து 2018ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாட்டுங்காவில் இருப்பது அதன் குமாஸ்தாப் பதிப்பு. ரயில்வே அலுவலகத்திலும் வங்கியிலும் டைப் அடித்த தமிழனுக்கும் மலையாளிக்கும் கன்னடனுக்கும் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டியவை. பளிங்கு இல்லை, லிஃப்ட் இல்லை. ஆனால் வளைவு இருக்கிறது, சூரியன் இருக்கிறது.

இந்த ஊர் எப்படி வந்தது என்ற கதை கொஞ்சம் பயங்கரமானது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் ஒரு காய்ச்சலைப் பார்த்த டாக்டர் அகாசியோ வியகாஸ், அது பிளேக் என்று கண்டுபிடித்தார். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பம்பாயை விட்டு ஓடினார்கள். காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில் நெருக்கியடித்து வாழ்வதுதான் நோய்க்குக் காரணம் என்று அன்றைய அரசு முடிவு செய்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் பிளேக்கைப் பரப்பும் விதம் அப்போது சரிவரப் புரிந்திருக்கவில்லை. 1898ல் 'பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' பிறந்தது. நெரிசலான பேட்டைகளை இடிப்பது, அகலமான சாலைகள் போடுவது, வடக்கே வயல்களாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயானில் புதிய குடியிருப்புகளை உருவாக்குவது ஆகியவை அதன் வேலை. நோய்க்குச் சொன்ன காரணம் பாதி தவறு. ஆனால் அதற்கு எழுதிய மருந்துச் சீட்டு நன்றாகவே இருந்தது.

அந்தச் சீட்டில் ஓர் எண் இருக்கிறது: 63½ டிகிரி. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இந்தக் கணக்கை விடாமல் வலியுறுத்தியவர். பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்ற விஷயம் பற்றி 1912ல் தனியாக ஓர் உரையே நிகழ்த்தினார். கணக்கு சுலபம். உங்கள் வீட்டுச் சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். அது தரையோடு 63½ டிகிரிக்கு மேல் செங்குத்தாகப் போகக் கூடாது. பள்ளிக்கூடத்து திரிகோணமிதியை மறந்தவர்களுக்கு வேறு மாதிரி சொல்கிறேன்: கட்டடம் எவ்வளவு உயரமோ, அதில் பாதியாவது இடைவெளி வேண்டும். 40 அடி உயரம் என்றால் 20 அடி வானம்.

இது தெரிந்த பிறகு மாட்டுங்கா வேறு மாதிரி தெரிகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நின்று பாருங்கள். ஒரு மாமரம், இரண்டு தென்னை, துணி உலர்த்தும் கொடி, பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து குக்கர் விசில். சமையலறைக்கு ஒரு ஜன்னல், குளியலறைக்கு ஒரு ஜன்னல். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பது அன்று ஆசாரக் குடும்பங்கள் முகம் சுளித்த விஷயம். வெளிச்சமும் காற்றும் வந்ததால்தான் அதைச் சகித்துக்கொண்டு, பிறகு அது இல்லாமல் வாழ முடியாது என்று ஆனார்கள்.

நகரின் சுவாசப்பை போல அமைந்த ஐந்து தோட்டங்கள் வரை நடந்தேன். பார்சிகளுக்காக இங்கே மனைகளைக் கேட்டு வாங்கிய மன்சேர்ஜி ஜோஷியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பார்சிகள் காலனி அமைத்தார்கள். நம்மவர்கள் அமைத்தவை வேறு: பஜனை சமாஜம், கோயில், பள்ளிக்கூடம், சாப்பாட்டுக் கடை. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932லும், கஃபே மெட்ராஸ் 1940லும், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942லும் வந்தன. 1952ல் தொடங்கிய சண்முகானந்த சபா, 1963ல் ஆசியாவின் பெரிய அரங்குகளில் ஒன்றைத் திறந்தது. 1990ல் அது தீக்கிரையானபோது அழுதவர்கள் உண்டு. திரும்பக் கட்டி எழுப்பிவிட்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் மகேஷ்வரி உத்யான் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டருக்கு இரண்டு பெயரும் தெரியும்.

நண்பரின் கட்டடம் நின்றுகொண்டிருந்தது. வளைந்த பால்கனிக்கு மேல் நீலத் தார்ப்பாய். இரும்புக் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் உதிர்ந்த இடங்கள் தெருவிலிருந்தே தெரிந்தன. கேட்டில் ஒரு போர்டு: மறுநிர்மாணத் திட்டம். வானைத் தொடும் ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் படம். உள்ளே போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் படியில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒரு மாமி, தமிழ் முகத்தைப் பார்த்ததும் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் மாடி. எண்பதைத் தாண்டியவர். ஹாலின் ஒரு மூலையில் மழைக்காலத்துக்கென்று எப்போதும் ஒரு வாளி இருக்கிறதாம். வாடகை, இன்றைய கணக்கில், காபிப் பொடிச் செலவைவிடக் குறைவு. 1947ம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகைகளை 1940ம் ஆண்டு அளவிலேயே உறைய வைத்தது. அந்த வாடகையில் எந்த வீட்டுக்காரரும் பழுது பார்க்க மாட்டார். அரசே பழுது பார்க்கட்டும் என்று 1969ல் சட்டம் போட்டு, வரி வசூலித்து, வாரியம் அமைத்தார்கள். ஒட்டுப் போட்டார்கள். கட்டடத்துக்கு வயதானது நிற்கவில்லை.

"இவ்வளவு அழகான கட்டடத்தை இடிக்கக் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாக்கறவாளுக்கு அழகுதான்" என்றார் மாமி. "மாடி ஏறறது நான்தானே? அவரை ஆஸ்பத்திரிக்கு நாற்காலியில வச்சுத் தூக்கிண்டுதான் இறங்கினா. லிஃப்ட் வரும்னா யாருக்குத்தான் வேண்டாம்னு சொல்லத் தோணும்?"

எனக்குப் பதில் இல்லை. பழைய கட்டடங்களுக்காக உருகுகிற நம்மில் பெரும்பாலோர், அவற்றில் குடியிருப்பதில்லை. இந்தியாவிலேயே முதல் முறையாக 1995ல் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கொண்டுவந்த நகரம் மும்பை. 2012ல் தாதர் - மாட்டுங்கா பகுதியையும் பட்டியலில் சேர்க்க முயன்றபோது எதிர்த்துக் கொடி பிடித்தவர்களில் அங்கே குடியிருந்தவர்களே ஏராளம். பாரம்பரியம் என்ற முத்திரை விழுந்தால் வாளி அங்கேயே இருக்கும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை ரசனைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

மாலையில் உறவினர் வீட்டுக்குச் செம்பூர் போக வேண்டியிருந்தது. வழியில் சயானில் இறங்கி, ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்குள் கொஞ்சம் நடந்தேன். மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம். இதுவும் தமிழர்கள் கட்டிய ஊர்தான். பல இடங்களில் மாட்டுங்காவைவிடப் பழசு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்களை நகரம் இந்தச் சதுப்பு விளிம்பில் ஒதுக்கியது. ஆதிதிராவிடர்கள் 1913ல் எழுப்பிய பிள்ளையார் கோயில் இன்றும் இருக்கிறது. டிரஸ்டின் 63½ டிகிரி மட்டும் ரயில் பாதையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. ஏழைகளின் வீடுகளை இடித்த அளவுக்கு டிரஸ்ட் அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கவும் இல்லை. வெளிச்சம் குமாஸ்தாவோடு நின்றுவிட்டது. சில சந்துகளில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிறது. நடுப்பகலில் விளக்குப் போட்டுத்தான் தைக்கிறார்கள்.

செம்பூரை அடுத்த கோவண்டிப் பக்கத்தில் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் இருக்கிறது. குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களுக்கென்று கட்டிய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற அடுக்குமாடிகள் அங்கே நிற்கின்றன. குடிசைக்குப் பதில் கான்கிரீட், குழாய், கழிப்பறை, எல்லாம் உண்டு. ஆனால் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்ற மருத்துவர்களின் தொண்டு நிறுவனம் இந்தக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2018ல் வெளியிட்ட அறிக்கை ஒரு விஷயத்தைச் சொன்னது. வெயிலும் காற்றும் போகாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சில இடங்களில் மூன்று மீட்டர், அதாவது 10 அடி. ஏழு மாடி என்றால் உயரம் 70 அடியாவது இருக்கும். ஓர் துரையின் கணக்குப்படி 35 அடி இடைவெளி விட்டிருக்க வேண்டும். பிளேக்கைப் பார்த்துப் பயந்து 1912ல் கற்ற பாடத்தை, நூறு வருஷம் கழித்து காசநோய் திருப்பி ஒப்பிக்கிறது.

இப்போது தாராவியையே மொத்தமாக மாற்றி அமைக்கப் போகிறார்கள். 2022ல் நடந்த ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2000த்துக்கு முன்பே குடியேறிய தகுதியுள்ளவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். சதுர அடி பற்றித்தான் பேச்செல்லாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை அடி என்று கேட்பவர்களின் குரல் சன்னமாகவே இருக்கிறது. மாட்டுங்காவிலும் அதே கதைதான். மறுநிர்மாணம் என்றால் பக்கவாட்டு இடைவெளியில் சலுகை உண்டு. கட்டணம் கட்டினால் குறைத்துக்கொள்ளலாம். வானத்தை விற்பனைக்கு வைத்திருக்கிறோம்.

மாமிக்கு லிஃப்ட் வேண்டும். அதை மறுக்க எனக்கோ, எந்தப் பாரம்பரியக் குழுவுக்கோ உரிமை இல்லை. வளைந்த பால்கனி போனால் வருத்தம்தான், புகைப்படத்திலாவது வைத்துக்கொள்ளலாம். போகவே கூடாதது அந்தப் பக்கத்து இடைவெளி. அதைப் புகைப்படத்தில் வைத்துக்கொண்டு சுவாசிக்க முடியாது. இடித்துக் கட்டுங்கள், உயரமாகவே கட்டுங்கள். ஆனால் பாதி உயரத்துக்கு இடம் விடுங்கள் என்று, மாட்டுங்காவில் கையெழுத்துப் போடுகிறவர்களும் தாராவியில் சாவிக்குக் காத்திருப்பவர்களும் சேர்ந்து கேட்டால், அது ஊரின் சட்டமாகும். தனித்தனியாக அவரவர் சதுர அடியைக் கேட்டால், அது கட்டுகிறவரின் லாபமாகும்.

ராத்திரி நண்பருக்குப் போன் செய்தேன். கட்டடம் நிற்கிறது, சீக்கிரம் நிற்காது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வளைந்த பால்கனியைப் பற்றி விசாரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம் இருக்குமே" என்றார். "அது இருக்கா?"