மேரி எதைக் கற்றுக்கொண்டாள்?

ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் எழுதிய கட்டுரையில் மேரி என்றொரு விஞ்ஞானி வருகிறாள். கறுப்பு வெள்ளை அறைக்குள் அடைபட்டவள். நிறம் பற்றியும், மூளை அதை அறியும் விதம் பற்றியும் அறிவியல் சொல்லக்கூடிய அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் வெளியே வந்து முதன்முறையாகச் சிவப்பைப் பார்க்கிறாள். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறாள் அல்லவா? அப்படியானால் பிரக்ஞை வெறும் பௌதிகம் அல்ல என்றார் ஜாக்சன்.

இதை வெறும் கதையென்று ஒதுக்க முடியாது. நார்வேயின் க்னுட் நூர்ட்பி பார்வைப்புலன் ஆய்வாளர். பிறவியிலேயே எந்த நிறமும் தெரியாதவர். நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் அவர் கண்ணில் வேலை செய்யவில்லை. மங்கிய வெளிச்சத்துக்கென அமைந்த கோல் செல்களைக் கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். பகல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நிறத்தின் இயற்பியலையும் கண்ணின் உடலியலையும் கரைத்துக் குடித்தவர். அந்தப் படிப்பு எதுவும் நிறம் என்றால் என்னவென்று தனக்குப் புரியவைக்கவில்லை என எழுதினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

ஆனால் நூர்ட்பிக்கு இல்லாமற்போனது எது? செல்கள்; அதாவது உடல். நிறத்தைப் பற்றிப் படிப்பதும் நிறத்தைப் பார்ப்பதும் மூளையில் வெவ்வேறு நிகழ்வுகள். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாததில் பௌதிகத்துக்கு அப்பாற்பட்டது எதுவும் இல்லை. ஜாக்சனே பின்னாளில் தன் முடிவைக் கைவிட்டார்.

தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1996இல் வேறொன்றைக் கேட்டார்: அணுவுக்கு அணு நம்மைப் போலவே இருந்தும் உள்ளே அனுபவமே இல்லாத ஓர் உருவை நாம் எண்ணிப்பார்க்க முடிகிறதே, அப்படியானால் பிரக்ஞை பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதல்லவா? உடலில்லாமல் மனத்தை எண்ணிப்பார்க்க முடிவதால் இரண்டும் வேறு என்று வாதிட்ட தத்துவவாதி தெக்கார்த்துக்கு, இதற்கான பதிலை ஆந்த்வான் ஆர்னோ 1641இலேயே சொல்லிவிட்டார். அரைவட்டத்துக்குள் வரைந்த முக்கோணம் செங்கோண முக்கோணம் என்று உறுதியாக அறிந்தவர்கூட, பித்தாகரஸ் தேற்றம் தெரியாதவரானால், அது இந்த முக்கோணத்துக்குப் பொருந்தாது என்று எண்ணிக்கொள்ளலாம். அவர் எண்ணுவதால் அப்படியொரு முக்கோணம் உண்டாகிவிடாது.

சிந்தனைப் பரிசோதனைகள் நம் அறிவில் உள்ள இடைவெளியைக் காட்டுகின்றன. உலகமும் அதே இடத்தில் இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதற்கு அவை சான்றாகா. அதே சமயம், பொருள்முதல்வாதிகளின் கடன் இன்னும் தீரவில்லை. பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும் என்று மணிமேகலையில் பூதவாதி சொல்கிறான். நியூரான்கள் கூடினால் சிவப்பு ஏன் ‘இப்படி’த் தெரிய வேண்டும் என்பதற்கு இன்றைய நரம்பியலிடமும் எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை. ஆனால் விளக்கம் கிடைக்காத இடத்திலெல்லாம் ஆன்மாவைக் குடியேற்றும் அவசரத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மேரியின் பக்கம் நிற்பவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். அவர்கள் மறுத்து எழுத வேண்டும். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.