வேகக் கார்: வைப்பதா, விற்பதா?

நம் கடைவீதிக் குடும்பங்களில் அண்மைக் காலமாகப் புதுவிதமான சரக்குத் தேக்கம் ஒன்று காணப்படுகிறது. அது கிடங்கில் இல்லை. வீட்டு வாசலில் உறை போர்த்தி நிற்கிறது. வாங்கியபோது சாதாரணக் காராகத்தான் வந்தது. பிறகு இஞ்சினின் திறன் கூட்டப்பட்டது. சைலன்சர் மாறியது. அகலமான சக்கரம் வந்தது; ஸ்பிரிங் மாற்றி வண்டி தாழ்த்தப்பட்டது. இன்று அதில் மண்டிக்கும் போக முடியவில்லை, குடும்பத்தோடு கோயில் குளத்துக்கும் போக முடியவில்லை. வேகத்தடை வந்தால் அடி இடிக்கிறது. விற்கலாம் என்றால் பிள்ளை முகம் வாடுகிறது. வைத்துக்கொள்ளலாம் என்றால் தகப்பனார் மனம் ஒப்பவில்லை.

மளிகை வணிகர்களின் இதழில் வேகக் காருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். முதல் எங்கே முடங்கினாலும் அது நம் இதழுக்கு உரிய பொருளே. அதிலும் இந்தக் காரில் முடங்குவது பணம் மட்டுமன்று. கடையின் பெயரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே இதைப் பற்றி நம் கருத்தைத் திறந்து சொல்ல விரும்புகிறோம்.

போட்ட பணம் விலையாகாது

எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை எடுத்துக்கொள்வோம். 2013இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இதன் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின் 105 குதிரைத்திறன் கொண்டது. போலோ காரின் விற்பனை 2022இல் இங்கே நின்றுபோனது. அதனால் பழைய வண்டிகளுக்கு இளைஞர்களிடம் தனி மவுசு உண்டு. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், டர்போவுக்கு எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டியின் நிரலை மாற்றி எழுதினால் திறன் கூடும். ஆனால் கூடிய திறனைக் கிளட்சும் கியர் பாக்ஸும் தாங்க வேண்டுமே! நூறு கிலோ ஏற்றும் தள்ளுவண்டியில் நூற்றைம்பது கிலோ ஏற்றினால் அன்றைக்கே அச்சு முறிந்துவிடாது. முறியும் நாள் முன்னதாக வந்துவிடும்; அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு, 6 லட்சத்துக்குப் பழைய வண்டியாக வாங்கி, இரண்டரை லட்சத்துக்கு மாற்றங்கள் செய்ததாக வைத்துக்கொள்வோம். இன்று ஒருவர் 5 லட்சத்துக்குக் கேட்கிறார். "எட்டரை லட்சம் போட்டது, ஐந்துக்கு எப்படிக் கொடுப்பது?" என்பதே வீட்டில் முதலில் எழும் கேள்வி.

இதற்கு விடை நம் தொழிலிலேயே இருக்கிறது. கடையைக் காலி செய்து போகிறவர், "கண்ணாடி அலமாரிக்கு இவ்வளவு செலவு செய்தேன்" என்று கணக்குக் காட்டினால், அடுத்து வருகிறவர் அதை அப்படியே ஏற்பாரா? அவருக்கு அந்த அலமாரி வேண்டியதே இல்லை. கழற்றிப் போட ஆள் கூலி வேறு. காரும் அப்படித்தான். வாங்குகிறவர் அடிப்படை வண்டிக்குத்தான் விலை சொல்வார். மாற்றம் செய்த வண்டி என்றால், எப்படி ஓட்டினார்களோ என்ற ஐயத்தில் அதையும் குறைத்தே கேட்பார். போன இரண்டரை லட்சம் போனதுதான். கத்தரிக்காய் வாடிய பிறகு கொள்முதல் விலையைச் சொல்லி விற்க முடியாது என்பதை நாம் அறிவோம். இங்கே மட்டும் அந்த அறிவை ஏன் மறக்க வேண்டும்?

கணக்குக்கு எடுக்க வேண்டிய எண் இன்று கையில் கிடைக்கக்கூடிய 5 லட்சம் மட்டுமே. இந்த 5 லட்சத்தை வைத்துக்கொண்டு இதே காரை இன்று போய் வாங்குவோமா? வாங்குவோம் என்றால் வைத்திருக்கலாம். வாங்கமாட்டோம் என்றால் விற்க வேண்டும்.

ஆண்டுச் செலவையும் பார்த்துவிடுவோம். வங்கியில் நடப்புக் கடன் 11 சதவீத வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும் கடையில் 5 லட்சம் காராக நின்றால் வட்டி மட்டும் 55 ஆயிரம். காப்பீடு 20 ஆயிரம், டயர், சர்வீஸ் 40 ஆயிரம், ஆண்டுக்கு ஆண்டு குறையும் விலை 50 ஆயிரம் என்று வைத்தால் மொத்தம் 1 லட்சத்து 65 ஆயிரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோல் நீங்கலாகவே கிலோமீட்டருக்கு 55 ரூபாய் ஆகிறது! அவரவர் எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு துண்டுச் சிட்டையில் எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. சைலன்சரை மாற்றிச் சத்தமும் புகையும் விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் 3 மாதம் இழக்க நேரிடும்.

"நிரல் மாற்றியது ஆர்.சி. புத்தகத்திலா தெரியப்போகிறது?" என்று தம்பிமார் கேட்கக்கூடும். தராசுக்கு அடியில் ஒட்டிய காந்தமும் வெளியே தெரிவதில்லை. தெரியாதது எல்லாம் முறையானது என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம்.

காப்பீட்டிலும் கவனம் தேவை. காப்பீட்டு நிறுவனம் வண்டிக்குப் போடும் மதிப்பு, தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவது. ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம், மூன்றாண்டு தாண்டினால் 40, நான்காண்டு தாண்டினால் 50 என்று அது இறங்கும். நாம் பூட்டிய சக்கரமும் சைலன்சரும் அந்த மதிப்பில் தாமாகச் சேர்வதில்லை. அவற்றை மறைத்திருந்தால், விபத்து நாளில் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும்.

விற்பதென்றால் எப்படி?

முதலாவது, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் பரண்மேல் இருந்தால் அவற்றை மீண்டும் பூட்டலாம். மின்னணுப் பெட்டியில் நிறுவனத்தின் நிரலையே திரும்ப ஏற்றலாம். கூடுதல் பாகங்களைத் தனியாக விற்றால் ஏதோ ஒரு தொகை கைக்கு வரும். வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் அதுவும் வராது.

இரண்டாவது, உள்ளதைச் சொல்லி விற்பது. பழைய நிலைக்கு மாற்றிவிட்டோம் என்பதற்காக, இது கைபடாத வண்டி என்று சொல்லக்கூடாது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் திறனோடு ஓடியது, கிளட்ச் இந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குபவரிடம் எழுதியே கொடுக்கலாம். அதனால் விலை பத்தோ இருபதோ ஆயிரம் குறையும், குறையட்டும். கலப்படமில்லாத மிளகாய்த்தூள் என்று நம்பி மூன்று தலைமுறையாக வருகிற வாடிக்கையாளர், "அவர் மகன் விற்ற காரில் ஏமாந்தேன்" என்று ஊரில் சொன்னால், அந்த இருபதாயிரத்தை வைத்து என்ன செய்வது?

மூன்றாவது, பெயர் மாற்றம். இதுதான் மிக முக்கியம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பு. வேகக் காரை வாங்குகிறவர் மெதுவாக ஓட்டுவதற்கு வாங்குவதில்லை. எங்கோ நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் விபத்துக்கு நம் கடை பதில் சொல்ல நேர்ந்தால் பட்ட பாடெல்லாம் வீண். வண்டிமேல் கடன் இருந்தால் அதையும் முடித்து, படிவம் 35 மூலம் வங்கியின் பெயரை நீக்கிய பிறகே கைமாற்ற வேண்டும்.

நான்காவது, வரி. சொந்தப் பெயரில், சொந்தப் பயனுக்கு வைத்திருந்த காரை ஒருவர் விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. கடைக் கணக்கில் வாங்கித் தேய்மானம் எழுதிவந்த கார் என்றால், பதிவு பெற்ற வணிகர் வரி கட்ட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பழைய கார்கள் அனைத்துக்கும் வீதம் 18 சதவீதம். இது விற்ற தொகை முழுவதற்கும் அன்று. உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், விற்ற விலைக்கும் ஏட்டில் நிற்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே. ஏட்டு மதிப்பு 4 லட்சம், விற்றது 5 லட்சம் என்றால் 1 லட்சத்துக்கு 18,000 ரூபாய். ஏட்டு மதிப்புக்குக் குறைவாக விற்றால் வரியே இல்லை. முழுத் தொகைக்கும் வரி என்று பயந்து பில் இல்லாமல் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்துக்கொள்வது எப்போது சரி?

எல்லாரும் விற்றே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை தன் சம்பளத்தில், தன் சேமிப்பில் வாங்கியது; கடை முதலில் ஒரு ரூபாயும் இல்லை; மாற்றங்களைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் கொண்டுவர ஒப்புக்கொள்கிறார் என்றால் அது அவர் மகிழ்ச்சி. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

வேகம்தான் ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் உள்ளன. மாருதி இஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதன் பெயரில் செட்டிபாளையத் தடம் விளங்குகிறது. பள்ளிக்கூடமும் சந்தையும் இருக்கிற சாலையில் காட்டும் வேகத்துக்கு அங்கே போவது மேல்.

"பழசாக ஆக விலை ஏறும்" என்ற நம்பிக்கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறை 2021இல் வந்தது. சட்டகம், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதற்கும் நிபந்தனை. பழமைக்காக வைப்பதானாலும் முதலில் வண்டி பழையபடி ஆக வேண்டும்.

நம் முடிவு

கடைப் பணம் அந்தக் காரில் இருக்குமானால் விற்பதே சரி என்பது நம் கருத்து. விற்ற பணம் சரக்காகவோ கடன் அடைப்பாகவோ கடைக்கே திரும்ப வேண்டும். சொந்தப் பணமானால் முறைப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே, மாற்றச் செலவைக் கடைக் கணக்கில் "பழுதுபார்ப்பு" என்று எழுதி ஓட்டும் வழக்கத்தை மட்டும் உடனே நிறுத்த வேண்டும்.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபத்தில் ஒருநாள் தரகரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கார் போய்விடும், பிள்ளையும் கடையைவிட்டு மனத்தளவில் போய்விடுவான். மேலே சொன்ன துண்டுச் சிட்டைக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். விற்பதானால் பேரம் பேசவும், பெயர் மாற்றவும், வரி கட்டவும் அவனையே அனுப்புங்கள். வந்த பணத்தில் எந்தச் சரக்குப் போடலாம் என்பதையும் அவனிடமே கேளுங்கள். நாளைக்குக் கல்லாவில் உட்காரப்போகிறவன் அவன்தான்.