ஒழுகுவது எங்கே என்று பார்த்தீர்களா?

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் நம் தெருக்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். கூரை ஓரத்துத் தகரத்திலிருந்து, விழவேண்டிய குழாயில் விழாமல், நடுவில் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். கீழே சுவர் கறுத்து, பெயின்ட் உப்பி நிற்கும். ஷீட் வேலைக்காரரைக் கூப்பிட்டால் அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார்; “பழசாயிடுச்சு சார், மொத்தமா மாத்திடலாம்” என்பார். அந்தத் தகரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘கட்டர்’. இலங்கைத் தமிழர் அதைப் பீலி என்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை நல்ல சொல் இருக்கும்போது நாமும் பீலி என்றே சொல்லலாம். ஓட்டு வீடுகள் குறைந்த பிறகு நாம் மறந்திருந்த இந்தப் பொருள், மொட்டை மாடிக்கு மேல் ஷீட் கூரை போடும் பழக்கம் பரவிய பிறகு நகரத்து வீடுகளுக்கும் திரும்ப வந்துவிட்டது. பராமரிக்கும் பழக்கம் மட்டும் கூட வரவில்லை. ஒழுகுகிற பீலிகளில் பெரும்பாலானவற்றை மாற்றவே தேவையில்லை என்பது என் கட்சி. மாற்றுவதா பழுதுபார்ப்பதா என்பதைப் பீலியின் வயதை வைத்தோ, ஒழுகும் தண்ணீரின் அளவை வைத்தோ தீர்மானிக்கக் கூடாது. எந்த இடத்தில், எதனால் ஒழுகுகிறது என்பதுதான் அதைச் சொல்லும்.

பீலி ஒரே துண்டாக வருவதில்லை. பல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ரிவெட் அடித்து, நடுவில் பசை வைத்து இணைக்கிறார்கள். மூலை திரும்பும் இடம், முனையை அடைக்கும் மூடி, இறங்கு குழாய் பொருந்தும் ஓட்டை எல்லாமே இணைப்புகள்தான். ஒழுகலில் பெரும்பங்கு இந்த இணைப்புகளில்தான். தகரத்தின் நடு உடம்பில் அல்ல. அடுத்த காரணம் அடைப்பு. வேப்பஞ்சருகும் முருங்கை இலையும் தென்னம்பூவும் குழாய் வாயில் போய் அடைந்தால், ஓட்டையே இல்லாத பீலிகூட விளிம்பு வழியாகக் கொட்டும். கீழே நிற்பவர் கண்ணுக்கு அதுவும் ஒழுகல்தான். மூன்றாவது, வாட்டம். பத்து மீட்டர் நீளப் பீலிக்குக் குழாய்ப் பக்கமாக ஐந்து சென்டிமீட்டராவது இறக்கம் இருப்பது நல்லது. தாங்கும் கிளாம்பு ஒன்று கழன்றால் பீலி அந்த இடத்தில் தொய்ந்து குளம்போல் நீர் தேங்கும். தேங்கிய நீர் பக்கத்து இணைப்பைத் தேடிப் போகும். இதில் நீரின் அளவும் சாதாரணமல்ல. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால், சுமார் 4,600 லிட்டர். அதில் பாதி ஒருபக்கப் பீலிக்கு வந்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர், அதாவது மூன்று குடம். இத்தனை நீர் ஓடும் வழியில் ஒரு கைப்பிடிச் சருகு செய்யும் வேலையைத் துருவின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

“பழுதுபார்த்தோம், அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகியது” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்த வேலை எது என்று கேட்கவேண்டும். மழை விட்ட இடைவெளியில் ஏறி, ஈரத் தகரத்தின் மேல், பாசியோடும் பழைய பசையோடும் சேர்த்துப் புது சிலிக்கான் பூசியிருப்பார்கள். சிலிக்கான் ஈரத்திலும் அழுக்கிலும் பிடிக்காது. பழைய சிலிக்கான் மேலும் பிடிக்காது. சிலர் சிமென்ட் குழைத்து அப்பிவிடுவதும் உண்டு. வெயிலில் தகரம் நீள, சிமென்ட் நீளாமல் விரிசல்விட்டு, அந்த விரிசலில் ஈரம் தங்கி, நன்றாக இருந்த தகரத்தையும் கெடுக்கும். முறையான வேலைக்குப் பழைய பசையைச் சுரண்டி எடுக்கவேண்டும், கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும், நன்றாகக் காயவிட வேண்டும். இணைப்பின் உட்பக்கத்தில் பசை வைத்து, தளர்ந்த ரிவெட்டுகளை மாற்றவேண்டும். இதற்குத் தேவைப்படுவது பாதி நாளும் ஒரு வெயிலும். இதைச் செய்யாமல் பழுதுபார்ப்பதே வீண் என்று முடிவு கட்டுவது, மாத்திரையை விழுங்காமல் மருந்து பலிக்கவில்லை என்பது போல.

எல்லாப் பீலியையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. துத்தநாகம் பூசிய இரும்புத் தகரத்தில் அந்தப் பூச்சு இருக்கும்வரைதான் உயிர். சருகுச் சேறு ஆண்டுக்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் பூச்சு கரைந்து, தகரம் அடியிலிருந்து மெலியும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை விரைவாக முடித்துவிடும். ஸ்குரூ டிரைவரின் முனையால் அடித்தளத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்தால் போதும். அழுத்திய இடத்தில் முனை உள்ளே போனாலோ, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தாலோ ஒட்டுப்போடும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். ஒட்டுக்குப் பிடிமானமாக நல்ல தகரமே மிஞ்சியிருக்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பீலிகளின் சங்கதி வேறு. அவற்றை அறுப்பதும் துளையிடுவதும் தேய்ப்பதும் நுரையீரலுக்குள் போகும் நார்த்தூசியைக் கிளப்பும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அங்கே ஒட்டுவேலைக்கே இடமில்லை. நனைத்து, உடைக்காமல், முழுதாக இறக்கவேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு கூலியைப் பற்றியது. ஏணிக்கும் சாரத்துக்கும் ஆள்கூலிக்கும் கொடுப்பதைக் கொடுத்த பிறகு, அதே கையோடு புதிதாகவே போட்டுவிட்டால் பத்து வருஷம் கவலையில்லையே என்பார்கள். இரண்டு மாடிக்கு மேல் சாரம் கட்டித்தான் ஏறமுடியும், தகரமும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றால் அந்தக் கணக்கு சரி. சாய்த்து வைத்த ஏணியில் எட்டும் வீட்டில், மூன்று இணைப்புகளுக்காக நாற்பது அடியைக் கழற்றுவதற்கு அந்தக் கணக்கைக் கொண்டுவரக் கூடாது. ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று பேசுபவருக்கு நாற்பது அடி லாபம், மூன்று இணைப்பு நஷ்டம். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை; பழுதுபார்க்கும் நேரத்துக்குத் தனிக்கூலி பேச நாம்தான் தயங்குகிறோம். ஒரு நாள் கூலி என்று பேசி அமர்த்தினால் அவர் சொல்லும் யோசனையே மாறலாம்.

பிவிசி போட்டால் துருவே பிடிக்காது என்பது இன்னொரு வாதம். துரு பிடிக்காது, உண்மை. ஆனால் பிவிசி இரும்பைவிடப் பல மடங்கு நீளும், சுருங்கும். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே அந்தப் பொருளின் சூடு முப்பது டிகிரி மாறினால், பத்து மீட்டர் பீலி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீள இரும்புக்கு நான்கு மில்லிமீட்டர்கூட வராது. நீள்வதற்கு இடம் விடாமல் இறுக்கிப் பூட்டினால், அது திறந்துகொள்ளும் இடம் மறுபடியும் இணைப்புதான். ஆண்டுகள் போகப்போக வெயிலில் அது நொறுங்கும் தன்மையும் அடையும். அதைவிட முக்கியம், மக்கிப்போன மரச்சட்டத்தில் பழைய கிளாம்பையே அறைந்து, பழைய வாட்டத்திலேயே தொங்கவிட்ட புதுப் பீலி பழையதைப் போலவே ஒழுகும். மாற்றினாலும் காரணத்தைத் தேடாமல் தப்பமுடியாது.

நல்ல பீலியையும் மாற்றவேண்டிய ஒரு நிலைமை உண்டு. சின்ன ஓட்டுக் கூரைக்கு அளவெடுத்துப் போட்டதன் தலையில், பின்னர் நீட்டிய ஷீட் கூரையின் தண்ணீரையும் விட்டிருப்பார்கள். அங்கே எத்தனை ஒட்டுப் போட்டாலும் பெருமழைக்கு விளிம்பு தாண்டும். அதற்கும் முதலில் இன்னோர் இறங்கு குழாய் போட்டுப் பார்க்கலாம். அதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

இத்தனை பேச்சு ஒரு தகரத்துக்கா என்று கேட்கலாம். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஷீட் கூரையில் விழும் மழையைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோகும் முதல் வழி பீலிதான். அது நடுவழியில் ஒழுகினால் சட்டத்துக்காகக் கட்டிய தொட்டி வறண்டு கிடக்க, அஸ்திவாரம் நனையும். வாட்டம் கெட்டுத் தேங்கிய நீரில் டெங்கு கொசு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டுக்குள் தொட்டியையும் டயரையும் பார்க்கிறவர் கண் கூரை ஓரத்துக்கு ஏறுவதில்லை. அதனால் சோதனைக்கு மழையை எதிர்பார்க்க வேண்டாம். ஆவணி வெயிலில் சருகை அள்ளிப் போட்டுவிட்டு, குழாய்க்கு எதிர்முனையில் இரண்டு வாளித் தண்ணீரை ஒருவர் ஊற்றட்டும், இன்னொருவர் கீழே நின்று பார்க்கட்டும். சொட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி. வேலைக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.