திரை நோக்கு: இரு திருடரும் ஒரு காசும்

1975 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்த ‘ஷோலே’ இந்திப் படத்தைக் குடும்பத்துடன் மீண்டும் கண்டோம். இயக்கியவர் ரமேஷ் சிப்பி. தர்மேந்திராவின் வீரு வாயாடி. அமிதாப் பச்சனின் ஜெய் அளந்து பேசுபவன். இருவரும் திருடர். தண்ணீர்த் தொட்டி மீதேறி வீரு செய்யும் ரகளையில் நம் வீடே சிரித்தது.

கருத்து வேறுபட்டால் ஜெய் காசைச் சுண்டுவான். ரயில் சண்டையில் காயமுற்ற காவல் அதிகாரியைக் கைவிட்டு ஓடுவதா, காப்பதா? காசு ‘காப்பாற்று’ என்றது. இறுதியில் கொள்ளையரைத் தடுத்து நிற்பவர் யார்? காசு ஜெய்யைக் காட்டியது. அவன் மாண்டபின்னரே வீரு அறிகிறான்: காசின் இருபுறமும் ஒன்றே!

“நண்பனையே ஏமாற்றினானே, அப்பா!” என்றாள் நம் மகள். மெய்தான், அம்மா. ஆயினும் அப்பொய்யால் அவன் தனக்குத் தேடிக்கொண்டது சாவு. நண்பனுக்கு அளித்தது வாழ்வு. காசுதான் பொய், அவன் நாணயம் மெய்.