திரும்பும் இடத்தை முதலிற் குறியுங்கள்

துவிச்சக்கரவண்டி ஓட்டத் தெரியாத இளைஞரை யாழ்ப்பாணத்திற் காண்பது அரிது. பள்ளிக்கும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அதுவே நம்மிற் பலருக்கு வாகனம். ஆயினும் நமது குடாநாடு சமதரை; ஏற்றத்தின் துன்பத்தையும் இறக்கத்தின் அபாயத்தையும் அங்குள்ள கால்கள் அதிகம் அறியா. மலைநாட்டு நேயர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்யலாம். மலைப்பாதையிற் சைக்கிள் ஓட்டுவதையே ஒரு விளையாட்டாகக் கொண்டோர் இன்று உலகெங்கும் உளர். அவ்விளையாட்டைப் பற்றி இவ்வாரம் சிறிது பேசுவோம். புறப்படுமுன் வீட்டு மேசையில் இருந்து செய்யவேண்டிய கணக்கே நமக்கு இங்கே முக்கியம்.

மலைச்சைக்கிளின் கதை பழைய வண்டிகளிலிருந்து தொடங்குகிறது. 1970ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதி இளைஞர், தடித்த ரயர் பூட்டிய பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சாரல் மண்பாதைகளிலே இறங்கி விளையாடினர். 1976இல் அப்பகுதியில் தொடங்கிய ஓர் இறக்கப் போட்டிக்கு 'ரீபாக்' என்று பெயர். 'மீண்டும் அடைத்தல்' என்பது அதன் பொருள். ஒருமுறை இறங்கி முடிவதற்குள் பின்சில்லின் குடத்தினுள் இருந்த பிறேக் சூடேறி, கிறீஸ் எரிந்து புகையாகிவிடும். மறுமுறை இறங்குமுன் புதிய கிறீஸ் அடைத்தாக வேண்டும். மலையில் வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் சோதிக்கப்படும் என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

வண்டியைப் போலவே ஓட்டுபவரின் முன்யோசனையும் அங்கே சோதிக்கப்படும். இதை விளக்க ஓர் உண்மையான பாதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 1964இல் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்ட கனியன்லாண்ட்ஸ் என்னும் பாலைநிலம் உண்டு. கிழக்கே கொலராடோ ஆறும் மேற்கே கிரீன் ஆறும் ஓட, இடையே 'வானத்துத் தீவு' எனப் பொருள்படும் பெயருடைய மேட்டுநிலம் உயர்ந்து நிற்கிறது. அம்மேட்டுக்குச் சுமார் 1,200 அடி கீழே, வெண்மணற் கல்லாலான ஒரு படிக்கட்டுப் போன்ற தளம் சுற்றிச் செல்கிறது. அத்தளத்தின்மேற் செல்லும் கரடுமுரடான வீதியே 'வைட் றிம்', அஃதாவது 'வெள்ளை விளிம்பு' வீதி. 1950ஆம் ஆண்டுகளில் யுரேனியம் தேடியோருக்காக அமைக்கப்பட்டது அது. தேடியோர்க்குக் கிடைத்த யுரேனியம் சொற்பமே, வீதி எஞ்சியது. இன்று அதனைச் சைக்கிள் ஓட்டிகள் நாடிச் செல்கின்றனர். மேலே செந்நிறப் பாறைச் சுவர், காலடியில் வெண்கல், அதற்கும் கீழே ஆறுகள் அறுத்த பாதாளப் பள்ளம்! காணக் கண்கொள்ளாக் காட்சி அது.

சுற்றி வந்து முடிக்கும் தூரம் சுமார் 160 கிலோமீற்றர். கண்டி யாழ்ப்பாணம் வீதியின் பாதி என்று கொள்ளலாம். ஆனால் நமது வீதியிற் சந்திக்குச் சந்தி தேநீர்க்கடை உண்டு. வெள்ளை விளிம்பிற் கடையும் இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. ஆறு கண்ணுக்குத் தெரியும். பாதையின் பெரும்பகுதியிற் கைக்கு எட்டாது. எட்டும் இடத்திலும் அது சேறு கலந்த நீர்.

ஆகவே முதற் கணக்கு நீர்க்கணக்கு. அங்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றராவது வேண்டும் என்பது விதி. நால்வர் நான்கு நாட் பயணம் போவதாயின் 64 லீற்றர். நிறையிற் சொன்னால் 64 கிலோகிராம். ஆளுக்குப் பதினாறு கிலோ நீரையும், உணவையும் படுக்கையையும் சுமந்துகொண்டு மணலிலும் கல்லிலும் மிதிப்பது எளிதன்று. பல நாட்கள் செல்வோர், நாற்சில்லும் இழுக்கும் வாகனமொன்றைத் துணைக்குப் பின்வரச் செய்வதன் காரணம் இதுவே.

இரண்டாவது பொழுதின் கணக்கு. வலிய இளைஞர் சிலர் இதை ஒரே நாளில் முடிக்க விரும்புவர். மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஓரிடமும் நில்லாது சென்றாலும் 160 கிலோமீற்றருக்குப் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேலாகும். கோடையில் வெப்பம் 38 பாகை செல்சியஸைக் கடப்பதால், வசந்தமும் இலையுதிர் காலமுமே ஏற்ற பருவங்கள். ஆனால் ஒக்டோபர் நடுவில் அங்கே பகற்பொழுது ஏறக்குறைய பதினொரு மணிநேரமே. விளக்கின்றிப் புறப்படுவோர் மலைப்பாதையில் இருளைச் சந்திப்பர் என்பதைக் கூட்டிக் கழித்தே அறியலாம்.

மூன்றாவது, தொடக்கத்தைத் தெரிதல். வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை. அதை நாமே வகுக்கிறோம். கோயிலை வலம் வருவதுபோலச் சுற்றினால், செங்குத்தான 'ஷேபர்' வளைவுகளில் இறங்குவது முன்னே வரும். நடுவழியில் 'மேர்பி ஹொக்பக்' என்னும் கொடிய ஏற்றம். இறுதிப் பகுதியில் 'மினரல் பொட்டம்' வளைவுகளில் மேலே ஏறவேண்டும். கீழே இறங்கியவர் ஏறியே தீரவேண்டும். மேட்டிலுள்ள தார்வீதிப் பகுதியை மாலையில் ஓடுவதா, உடல் தளராத காலையிலேயே ஓடி முடிப்பதா என்பது புறப்படும் இடத்தைப் பொறுத்தது. வரைபடத்தின்முன் அரைமணி நேரம் இருந்தால், மாலையில் வரும் வேதனை பெரிதும் குறையும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருவோம். சென்ற வழியே மீளும் பயணத்தில், ஒவ்வொரு கிலோமீற்றரும் திரும்பும் தூரத்தைக் கூட்டுகிறது என்பது எவர்க்கும் தெரியும். சுற்றுப்பாதையிலோ மனம் மயங்குகிறது. 'முன்னே போனாலும் வீடுதானே வரும்' என்று அது சொல்லும். ஐம்பது கிலோமீற்றர் சென்றபோது நீரிற் பாதி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி நம்மை வந்த ஐம்பது கிலோமீற்றருக்கு மீட்டுவரக்கூடும்; முன்னேயுள்ள நூற்றுப்பத்துக்கு ஒருபோதும் போதாது. இத்தனை எளிய கணக்கு, களைத்த தலைக்கு வெயிலில் விளங்குவதில்லை. நாவறட்சியும் தோழர்முன் தோற்கக்கூடாதென்ற மானமும் சேர்ந்து அறிவை மறைக்கும்.

எனவேதான் திரும்பும் இடத்தையும் நேரத்தையும் வீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும் என்கிறோம். 'நீரில் மூன்றிலொரு பங்கு தீருமுன் பாதையில் மூன்றிலொரு பங்கை அடையாவிடில் திரும்புவோம். இன்ன இடத்தை இத்தனை மணிக்குள் அடையாவிடிலும் திரும்புவோம்.' இதனைக் கூட்டத்தில் எல்லோரும் முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது திரும்புதல் ஒருவருடைய கோழைத்தனமாகாது. எல்லோரும் சேர்ந்து செய்த தீர்மானமாகும். கூட்டத்தில் மிகவும் மெலிந்தவருடைய வேகமே கணக்குக்கு அடிப்படை என்பதையும் மறக்கலாகாது.

வட்டம் அறுந்திருக்கிறதா என்பதையும் விசாரித்தறிய வேண்டும். 2010 ஆகஸ்டிற் பெய்த பெருமழை மினரல் பொட்டம் வளைவுவீதியைச் சிதைத்துவிட்டது. மறுவருடமே அது திருத்தித் திறக்கப்பட்டது. கிரீன் ஆறு பெருகினாலும் வீதியின் சில பகுதிகள் நீரில் மூழ்கும். கடைசி ஏற்றம் மூடப்பட்டிருப்பதை அதன் அடிவாரத்தில் நின்று அறிவது எத்தனை பெரிய இடர்! முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்ற விதியும் உண்டு. அனுமதி பெறும்போதே வீதியின் நிலையையும் கேட்டறியலாம்.

மேலதிக ரியூப் இரண்டு, ஒட்டுப்போடும் பசை, காற்றடிக்கும் பம், செயின் பூட்டும் கருவி, முதலுதவிப் பொருட்கள் ஆகியன இன்றியமையாதவை. கைத்தொலைபேசி அங்கே பெரும்பாலும் பயன்படாது. பாதையை விட்டு விலகுதலும் ஆகாது. அப்பாலை மண்ணின்மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஆக்கிய கரிய மேலோடு உண்டு. ஒருமுறை சில்லு ஏறினாற் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் செல்லும்.

மாணவ நேயர்கள் யூட்டாவுக்குப் போகவேண்டும் என்பதற்காக இவற்றை நாம் எழுதவில்லை. நண்பர் நால்வர் சேர்ந்து எந்த மலையைச் சுற்றப் புறப்பட்டாலும் மூன்று கேள்விகளுக்கு முதல்நாள் இரவே விடை காணுங்கள்: நீர் எங்கே? இருள் எப்போது? திரும்பும் இடம் எது? விடைகளையும் செல்லும் வழியையும், வீடு திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கையிற் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். பெற்றோரும் 'போகாதே' என்று மட்டும் சொல்லாது, அத்தாளை வாங்கி, அருகிருந்து ஒருமுறை கணக்குப் பார்ப்பார்களாக.